ரூல் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. பொய் சொன்னவன் நான். "கண்ணாடிய வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன்" என்று சொன்னேன். கண்ணாடி என் சட்டைப் பையில் இருந்தது.

இதெல்லாம் ஒரு பொய்யா என்று கேட்பீர்கள். தேவகோட்டைக் கோர்ட்டில் முப்பத்தொரு வருடம் டைப்பிஸ்டாக இருந்தவன் நான். வக்கீல் சொன்னதையும் சாட்சி சொன்னதையும் ஓர் எழுத்து கூட்டாமல் குறைக்காமல் அடித்துக் கொடுத்ததுதான் என் பிழைப்பு. சாட்சி பொய் சொன்னால் அந்தப் பொய்யையும் பிழையில்லாமல் அடித்துக் கொடுப்பேன். சொந்தமாக ஒன்று சொல்லிப் பழக்கமே இல்லை. ஓய்வு பெற்ற பிறகு கதை எழுத உட்கார்ந்ததே, இனிமேலாவது நம் இஷ்டத்துக்கு நாலு வார்த்தை போடலாம் என்றுதான். ஆனால் காகிதத்தில் பொய் சொல்வது வேறு, நாலு பேர் முகத்தைப் பார்த்துச் சொல்வது வேறு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த நாலு பேரில் ஒருத்தி என் சட்டைப் பையைப் பார்த்துவிட்டாள். அவள் பெயர் பாண்டீஸ்வரி. காரைக்குடியில் மருது விலாஸ் லாட்ஜில் வரவேற்பில் இருப்பவள். கதை அவளுடையது. நான் முடிந்தவரை ஒதுங்கி நிற்கப் பார்க்கிறேன். பொய் என்னுடையது என்பதால் அவ்வப்போது தலை நீட்ட வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

முதலாவது: "செட்டிநாட்டின் வானளாவிய மாளிகைகளுக்கு நடுவே, தேக்குத் தூண்களும் ஆத்தங்குடிக் கற்களும்..."

(நிறுத்திவிட்டேன். இது சுற்றுலாத் துறை நோட்டீஸ். என் கதையில் தேக்குத் தூண் கிடையாது. சிமெண்டுப் பூச்சும், வாடகைக்கு இருபத்து நாலு அறையும், மாடிப்படிக்குக் கீழே தண்ணீர் மோட்டாரும்தான்.)

இரண்டாவது: "அன்று காலையில் இருந்தே பாண்டீஸ்வரிக்கு மனசு சரியில்லை. திருப்பத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஏனோ..."

(இதைப் பாண்டீஸ்வரியிடம் காட்டினேன். "மனசு நல்லாத்தான் சார் இருந்துச்சு. ஜன்னலோரமும் கெடைக்கல. நின்னுக்கிட்டுதான் வந்தேன்" என்றாள். எடுத்துவிட்டேன்.)

மூன்றாவது இதுதான்: பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இரண்டு லாட்ஜுகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒன்று மருது விலாஸ், இன்னொன்று பினாங்கு லாட்ஜ். இரண்டுக்கும் நடுவே ஒரே சுவர்.

இப்படியே போகிறேன்.

3

மருது விலாஸ் மருதுபாண்டியுடையது. ஊரில் இருக்கும் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு லாட்ஜ் கட்டியவர். பினாங்கு லாட்ஜ் கலீல் ரகுமானுடையது. பினாங்கில் ஒரு ஹோட்டலில் பதினைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து, அந்த ஊர்ப் பெயரையே வைத்தார். அங்கே பன்னிரண்டு அறை, இங்கே பன்னிரண்டு அறை. அங்கே வரவேற்பில் ஷாஜியா, இங்கே பாண்டீஸ்வரி. இரண்டு மேஜைக்கும் நடுவே சுவரில் ஒரு செங்கல் அளவுக்கு ஓட்டை உண்டு. சில்லறை, ஸ்டேப்ளர், வடை எல்லாம் அதன் வழியாகப் போய்வரும்.

பாண்டீஸ்வரி முதலில் வந்தது அறை கூட்ட. லெட்ஜர் எழுதிக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனபோது நான்கு நாள் மட்டும் உட்காரச் சொன்னார்கள். அந்த நான்கு நாள் பதினான்கு வருடம் ஆகிவிட்டது. லெட்ஜர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது, அதையும் கற்றுக்கொண்டாள். ஊரில் அவள் வேல்பாண்டி பொண்டாட்டி. இங்கே போனை எடுத்தால் அந்தப் பக்கம் "மேடம்" என்பார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. என்னிடம் சொன்னாள், பிறகு எழுத வேண்டாம் என்றாள். எழுதிவிட்டேன்.

ஷாஜியா நான்கு வருடத்துக்கு முன்னால் வந்தவள். கல்யாணம் முடிந்து இரண்டே வருடத்தில் தலாக் ஆகி, அம்மா வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். வெளிநாட்டுக்காரர் தங்கினால் போலீசுக்கு அனுப்ப வேண்டிய சி-ஃபாரத்தை எப்படிப் போடுவது என்று ஓட்டை வழியாகக் கற்றுக்கொடுத்தது பாண்டீஸ்வரி. போனில் பேச வேண்டிய இங்கிலீஷை ஓட்டை வழியாகத் திருப்பிக் கொடுத்தது ஷாஜியா. "வெய்ட்டுன்னு மட்டும் சொல்லாதீகக்கா, ப்ளீஸ் சேத்துக்கங்க."

இந்த வருடம் ஆவணியில் ஒரு டூர் ஏஜெண்டு வந்தான். பஸ் நிறைய ஆட்கள் வருவார்கள், இருபது அறையாவது ஒரே இடத்தில் வேண்டும் என்றான். பாதி இங்கே, பாதி அங்கே என்பதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. தை பிறப்பதற்குள் ஒரே லாட்ஜாக ஆக்கினால் வருடம் முழுக்க ஆள் அனுப்புவதாகவும், இல்லையென்றால் பைபாஸில் புதிதாக வந்திருக்கும் ஹோட்டலுக்குப் போய்விடுவதாகவும் சொல்லிவிட்டான்.

மருதுபாண்டியும் கலீலும் ஒரு டீயில் பேசி முடித்தார்கள்.

"செவுர எடுத்துருவோம் பாய்."

"எடுத்துருவோம்ணே. வாரதுல பாதிப் பாதி."

"ஒரு படி, ஒரு மோட்டாரு, ஒரு ரிசப்ஷன்."

"சரிண்ணே."

அதற்குப் பிறகு இருவரும் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு லாட்ஜ் என்றால் ஒரு போர்டு. எந்தப் போர்டு என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. கேட்டவன் தோற்ற மாதிரி.

கடைசியில் மருதுபாண்டிதான் வாயைத் திறந்தார். "நாட்டரசன்கோட்டைக் கண்ணாத்தாகிட்டப் பூப்போட்டுப் பாத்துருவோமா?"

இந்தப் பக்கத்தில் பெண் பார்ப்பதற்கும், நிலம் வாங்குவதற்கும், அண்ணன் தம்பி பிரிவதற்கும்கூடப் பூப்போட்டுப் பார்ப்பார்கள். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தால் முடிந்தது. பிறகு யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. சொன்னால் சாமியைத்தான் சொல்ல வேண்டும்.

கலீல் சிரித்தார். "ஒங்க ஆத்தா ஒங்களுக்குத்தானண்ணே குடுப்பா."

"அப்ப ஒங்க தர்காவுல வச்சுப் பாப்போம்."

"அங்குட்டு எனக்கு விழுந்தா நீங்க ஒத்துக்குவீக. ஒங்க பங்காளிக ஒத்துக்குவாகளா?"

ஆகவே இரண்டு பேருக்கும் பொதுவான சாமி ஒன்று தேவைப்பட்டது. அது அலமாரியில் இருந்தது. ஓர் அட்டைப் பெட்டி.

"அதுல பாத்துருவோம்" என்றார் மருதுபாண்டி. "எது முழுங்குதோ அந்தப் போர்டு." எழுந்திருக்கும்போது இன்னொன்றும் சொன்னார். "எந்தப் போர்டு நிக்கிதோ, அதோட இருக்குற புள்ளையும் நிக்கட்டும். மத்த புள்ளைக்குக் கையில ஏதாச்சும் குடுத்து அனுப்பிருவோம்."

"சரிண்ணே" என்றார் கலீல்.

பாண்டீஸ்வரி அப்போது ஸ்டேப்ளரில் பின் போட்டுக்கொண்டிருந்தாள். ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஷாஜியாவின் கீபோர்டுச் சத்தமும் நின்றுவிட்டது.

4

(விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம். இந்தப் பகுதியைத் தாண்டிப் போக நினைப்பவர்கள் கடைசிப் பத்தியை மட்டும் படியுங்கள், போதும்.)

பினாங்கு ஹோட்டலில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போன பெட்டி அது. மூன்று மாதம் யாரும் தேடி வராததால் கலீலிடம் தங்கிவிட்டது. உள்ளே ஒரு பலகை, அதில் நூற்றெட்டுக் கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சில்லு. சில்லில் ஓர் எண்ணும் ஓர் இங்கிலீஷ் எழுத்தும் இருக்கும், அது அந்தக் கட்டத்தில்தான் உட்காரும். ஆளுக்கு ஆறு சில்லு கையில். ஒரு முறைக்கு ஒன்று வைக்கலாம். இரண்டு சில்லு ஒட்டினால் ஒரு கம்பெனி பிறக்கும். மேலும் சில்லு ஒட்ட ஒட்டக் கம்பெனி பெருக்கும். யார் தொடங்கிய கம்பெனியாக இருந்தாலும் யாரும் பங்கு வாங்கலாம். இரண்டு கம்பெனிக்கு நடுவே ஒரு சில்லு விழுந்து இரண்டையும் ஒட்டிவிட்டால், பெரியது சின்னதை முழுங்கிவிடும். முழுங்கப்பட்ட கம்பெனியில் யாருக்குப் பங்கு அதிகமோ அவர்களுக்குப் பணம் கொட்டும். எல்லாம் விளையாட்டுப் பணம்தான்.

(இந்தக் கடைசி விதி எனக்குப் பிடிக்கும். முழுங்கப்பட்டவர்களுக்கு முதலில் பணம் கொடுக்கிற உலகம் அந்தப் பலகையில்தான் இருக்கிறது. மருதுபாண்டி சொன்ன "கையில ஏதாச்சும்" என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

(இன்னொரு விதி: பதினொரு சில்லு சேர்ந்த கம்பெனியை யாராலும் முழுங்க முடியாது. பாண்டீஸ்வரி மேஜைக்கு வந்து பதினான்கு வருடம். இதையும் அதையும் சேர்த்து அழகாக ஒரு வாக்கியம் எழுதினேன். அழகாக இருந்ததாலேயே அடித்துவிட்டேன்.)

மத்தியானம் அறை காலி செய்கிறவர்கள் போய், சாயங்கால பஸ்காரர்கள் வருவதற்கு முன்னால், மூன்று மணியில் இருந்து ஐந்து மணி வரை இரண்டு லாட்ஜிலும் ஈ ஓட்டுவார்கள். அந்த நேரத்தில் முதலாளிகள் இருவரும், வரவேற்பு இருவரும், நாலு பேராக நான்கு வருடமாக இதை ஆடுகிறார்கள். கம்பெனிகளின் இங்கிலீஷ் பெயர் வாயில் நுழையாததால் மேலே காகிதம் ஒட்டி ஊர்ப் பெயர் எழுதியிருக்கிறார்கள். திருப்பத்தூர், இளையாத்தங்குடி, கண்டனூர், பள்ளத்தூர் என்று ஏழு. "இளையாத்தங்குடியில ரெண்டு பங்கு குடுங்க" என்று ஷாஜியா கேட்பதைக் கேட்டு, லாட்ஜுக்கு வந்த ஒரு செட்டியார் பதறிப்போனதுண்டு. அவர் கோயில் அந்த ஊரில் இருக்கிறது.

மருதுபாண்டி பிடித்த கம்பெனியில் பங்கு வாங்கிக் குவித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். கலீல் அவசரப்பட்டு விற்பார். ஷாஜியா யாரிடம் எத்தனை பங்கு என்று மனப்பாடமாக வைத்திருப்பாள். ஜெயிப்பது பாண்டீஸ்வரி. பத்தில் எட்டு முறை அவள்தான்.

(தாண்டி வந்தவர்களுக்கு:) போர்டை முடிவு செய்யும் ஆட்டத்துக்காக இரண்டு கம்பெனிகளின் ஊர்ப் பெயரைக் கிழித்துவிட்டு, ஒன்றில் மருது விலாஸ் என்றும் இன்னொன்றில் பினாங்கு என்றும் ஒட்டினார்கள். எது எதை முழுங்குகிறதோ, அதன் போர்டு நிற்கும். ரூல் புத்தகம் இங்கிலீஷில் இருந்ததால், ஏதாவது தகராறு வந்தால் வாசித்துச் சொல்ல, யார் பக்கமும் சேராத ஆள் ஒருவர் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். "கோர்ட்டுல இருந்தவுக. ஒரு எழுத்து மாத்திச் சொல்ல மாட்டாக" என்று கலீல் சிபாரிசு செய்தார்.

5

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு மருது விலாஸ் வரவேற்பு மேஜையிலேயே பலகையை விரித்தார்கள். சாவிப் பலகை பின்னால், ஃபேன் மேலே. யாரும் வழக்கமான கேலி எதுவும் பேசவில்லை.

பாண்டீஸ்வரிக்கு முதல் ஆறு சில்லிலேயே ஏழு-டி வந்துவிட்டது. அப்போது அது ஒன்றுமில்லாத சில்லு. நான்கு சுற்று போனபோது, பலகையின் நடுவில் ஏழு-டி கட்டத்துக்கு இடது பக்கம் மருது விலாஸும் வலது பக்கம் பினாங்கும் வந்து நின்றன. மருது விலாஸில் ஐந்து சில்லு. பினாங்கில் மூன்று. நடுவில் ஒரே ஒரு வெற்றுக் கட்டம். அந்தக் கட்டத்துக்கு உரிய சில்லு அவள் கையில்.

அவள் முறை வந்தது. வைத்திருந்தால் முடிந்திருக்கும். ஐந்து மூன்றை முழுங்கும். மருது விலாஸ் போர்டு நிற்கும், நாற்காலி அவளுடையது.

அவள் வேறொரு சில்லை வேறெங்கோ வைத்தாள். மாட்டிக்கொண்டிருந்த தன் புடவைத் தலைப்பை நாற்காலிக் கையில் இருந்து விடுவித்துக்கொண்டு, பினாங்கில் இரண்டு பங்கு வாங்கினாள். மருதுபாண்டி அவளை ஒரு பார்வை பார்த்தார்.

ஷாஜியா பினாங்குக்கு ஒரு சில்லு சேர்த்தாள். நான்கு ஆயிற்று. மறுபடி பாண்டீஸ்வரி முறை. மறுபடியும் வேறெதையோ வைத்தாள். மறுபடியும் ஷாஜியா. ஐந்து.

ஐந்துக்கு ஐந்து.

பாண்டீஸ்வரி கையில் இருந்த சில்லுகளைப் பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள். பிறகு ஒரு ஓரமாக ரூல் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த என்னிடம் திரும்பினாள்.

"சார், ரெண்டும் சரிக்குச் சரியா இருக்குறப்ப ஒண்ணாச்சுன்னா எது எத முழுங்கும்?"

நான்கு வருடமாக ஆடுகிறார்கள், அப்படி ஒரு நிலைமை வந்ததே இல்லையாம். மற்ற மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது, அந்தச் சில்லு யாரிடம் இருக்கிறது என்று. ஷாஜியா பலகையில் இருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வாசிங்க சார்" என்றார் மருதுபாண்டி.

நான் பக்கத்தைப் புரட்டினேன். நாலாம் பக்கம், இரண்டாவது பத்தி. எனக்குக் கிட்டத்து எழுத்து கண்ணாடி இல்லாமலே கொஞ்சம் தெரியும். வாசித்தேன், மனசுக்குள். பிறகு தலையை நிமிர்த்தி அந்தப் பொய்யைச் சொன்னேன்.

"வீட்டுல போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். "அதுவரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

அப்போதுதான் பாண்டீஸ்வரி என் சட்டைப் பையைப் பார்த்தாள். கண்ணாடியின் ஒரு காது வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சாயங்கால பஸ்காரர்கள் ரெண்டு பேர் உள்ளே வந்தார்கள். எழுந்து போய் ஆதார் கேட்டாள்.

6

இங்கே எனக்குக் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது.

கையில் வெற்றியை வைத்துக்கொண்டு இரண்டு முறை அவள் ஏன் சும்மா இருந்தாள்? கதை எழுதுகிறவனுக்கு இந்த மாதிரி இடம் கிடைத்தால் விடமாட்டான். நானும் விடவில்லை. மூன்று பக்கம் எழுதினேன். சி-ஃபாரம் கற்றுக்கொடுத்த நாட்கள். ஓட்டை வழியாக வந்த நோன்புக் கஞ்சி. தலாக் ஆகி வந்த பெண்ணின் நாற்காலியைப் பிடுங்க மனம் வராமல், தன் நாற்காலியை விட்டுக்கொடுக்கவும் முடியாமல், சில்லைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்க...

எழுதிவிட்டு எனக்கே கண் கலங்கியது. இது நல்ல அறிகுறி இல்லை என்று கோர்ட்டில் கண்டிருக்கிறேன். ரொம்ப அழுகிற சாட்சியை ஜட்ஜ் நம்பமாட்டார்.

7

மூன்று பக்கத்தையும் பாண்டீஸ்வரியிடம் கொடுத்தேன். அவள் மேஜையில் வைத்து, இடையில் வந்த இரண்டு போன்களையும் எடுத்துப் பேசிவிட்டு, முழுக்க வாசித்தாள்.

"பாவப்பட்டு வைக்கலன்னு எழுதிருக்கீக."

"ஆமா."

"பாவமெல்லாம் இல்ல சார்."

"பின்ன?"

அவள் ஓட்டைப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தாள். "பினாங்குல எங்கிட்டத்தான் சார் பங்கு அதிகம் இருந்துச்சு. மூணு சில்லா இருக்குறப்ப முழுங்குனா என்ன கெடைக்கும், சொற்பம். அஞ்சாச்சுன்னா நல்ல காசு. பெருசாகட்டும்னு விட்டு வச்சேன்."

"அது விளையாட்டுப் பணம்ல?" என்றேன்.

"அதான். எப்பவும் ஆடுற மாதிரியே ஆடிட்டேன். இது அந்த ஆட்டம் இல்லங்குறதே மறந்துபோச்சு. அஞ்சுக்கு அஞ்சு ஆனப்பெறகுதான் திக்குன்னுச்சு." பக்கங்களை அடுக்கி என்னிடம் நீட்டினாள். "வெளிய சொன்னா சிரிப்பாக சார். வேல போகப்போகுதுன்னு தெரிஞ்சும் காகிதக் காசுக்கு ஆசப்பட்டிருக்கான்னு."

நான் சிரிக்கவில்லை. நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. ஒரு மக்கு ஆட்டக்காரி அன்றைக்கே சில்லை வைத்து வேலையைக் காப்பாற்றியிருப்பாள்.

"சரி, அதுக்கப்புறம் எங்கிட்ட ஏன் கேட்ட? பேசாம வச்சிருக்கலாமே?"

"கேக்காம எப்படி சார் வைக்கிறது? புஸ்தகம் சொல்லுச்சுன்னா பழி புஸ்தகத்து மேல. பூப்போட்டா சாமி மேல. நானா வச்சேன்னா என் மேலதான. அவ மூஞ்சில நான் முழிக்கணும்."

மூன்று பக்கத்தையும் கிழித்துவிட்டேன். கண் கலங்கிய எழுத்து போயிற்று. வருத்தம் கொஞ்சம் உண்டு.

போகும்போது கேட்டாள். "சார், கண்ணாடி?"

"மறந்துட்டேன்" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் அவள் வாசிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி சார்" என்றாள்.

8

முடிவுகளும் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் அவளிடம் சொன்னேன்.

(அ) மருது விலாஸ் நிற்கிறது. ஷாஜியா கைப்பையை எடுத்துக்கொண்டு போகிறாள். சுவரை இடிக்கும்போது ஓட்டையும் போய்விடுகிறது. பாண்டீஸ்வரி இதைக் கேட்டதும் வராத போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

(ஆ) பினாங்கு நிற்கிறது. பாண்டீஸ்வரி திருப்பத்தூர் பஸ் ஏறுகிறாள், தான் இழந்ததை நினைத்து ஒரு நிறைவுடன்... "நிறைவா? எனக்கா?" என்றாள். "ஊருக்குப் போனா மறுநாளே என் மாமியா மாட்டக் கையில புடிச்சுக் குடுத்துரும். அதுல என்ன சார் நிறைவு?"

(இ) ஆளுக்கு அரை நாள். எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. "அரை நாளைக்கு அரச் சம்பளம் குடுப்பாக. பஸ்ஸுக்கு முழு டிக்கெட்டுல்ல எடுக்கணும்" என்றாள். ஷாஜியாவும் ஓட்டை வழியாக, "எங்க அம்மா முழு நாளுக்கே ஆயிரம் கேள்வி கேக்குறாக சார். அர நாள்னா வீட்டுலயே இருந்துக்கன்னுடுவாக" என்றாள். அவள் கேட்டுக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது தெரியவில்லை.

(ஈ) இரண்டு பெயரும் வேண்டாம், புதிதாக ஒரு பெயர். இதைச் சொன்னபோது இரண்டு பேரும் ஒரே குரலில் மறுத்தார்கள். "புதுப் போர்டு வச்சா புது ஆளு வரும் சார்" என்றாள் பாண்டீஸ்வரி. "டை கட்டுன பய ஒருத்தன் வந்து ஒக்காருவான். ரெண்டு பேரும் போக வேண்டியதுதான்."

(உ)

(இதற்கு ஒன்றும் தோன்றவில்லை. எழுத்தை மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.)

9

இந்தப் பகுதியைப் பாண்டீஸ்வரியிடம் காட்டவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை போய் நாற்பத்தொரு நாள் ஆகிறது. பலகை சாவி அலமாரியின் மேல், சில்லு அசையாமல், ஒரு தலையணை உறையால் மூடி இருக்கிறது. அவரவர் கைச் சில்லுகள் அவரவர் பெயர் எழுதிய கவரில். மூன்று மணி ஆனால் நாலு பேரும் கூடி டீ குடிக்கிறார்கள். மேலே பார்க்கிறார்கள். மருதுபாண்டி, "சார் இன்னும் கண்ணாடி எடுத்துட்டு வரலயோ?" என்பார். "ஞாபகமறதி" என்பேன். "வயசாச்சுல்ல" என்பார் கலீல். அவ்வளவுதான்.

இதெல்லாம் போனிலேயே பார்க்கலாமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பார்க்கலாம். இரண்டு நிமிட வேலை. "போன்ல ஆளுக்கு ஒண்ணு சொல்லுவான். பெட்டிக்குள்ள வந்த புஸ்தகம் சொன்னாத்தான் செல்லும்" என்று மருதுபாண்டி ஒரு சட்டம் போட்டுவிட்டார். கலீல் உடனே ஆமோதித்தார். எனக்கு ஒரு சந்தேகம். நாலு பேருமே தனித்தனியாகப் போனில் பார்த்திருப்பார்கள். பார்த்துவிட்டு என் ஞாபகமறதியை நம்புவதுபோல் நடிக்கிறார்கள்.

ஆனால் இது ரொம்ப நாள் ஓடாது. கார்த்திகை பிறந்துவிட்டது. ஏஜெண்டு நேற்று போன் செய்தான். தை வரைக்கும்தான் பொறுப்பானாம். அதற்குள் சுவர் போகவில்லையென்றால் பஸ் பைபாஸுக்குப் போய்விடும். பிறகு இரண்டு லாட்ஜும் தனித்தனியாக மெலிந்து, ஒரு வருடத்திலோ இரண்டு வருடத்திலோ இரண்டு மேஜையும் காலியாகும். ஆகவே நான் செய்துகொண்டிருப்பது நல்ல காரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கதையை முடிக்காமல் இழுப்பதால் இரண்டு பேர் நாற்காலியில் இருக்கிறார்கள். ரொம்ப இழுத்தால் இரண்டு பேருமே இருக்கமாட்டார்கள். எழுதுகிறவனுக்கு இவ்வளவு அதிகாரம் கூடாது. எனக்கு வேண்டவும் வேண்டாம். கோர்ட்டில் தீர்ப்பை அடிக்க மட்டும்தான் என்னைக் கூப்பிட்டார்கள், சொல்லக் கூப்பிட்டதில்லை.

ஆகையால் உங்களிடம் தருகிறேன்.

நாலாம் பக்கம், இரண்டாவது பத்தி, ஓர் எழுத்து கூட்டாமல் குறைக்காமல்: இரண்டு கம்பெனிகளும் ஒரே அளவில் இருந்தால், எது நிற்க வேண்டும் என்பதைச் சில்லை வைத்தவரே முடிவு செய்வார்.

புத்தகத்தின் மேல் பழியைப் போட நினைத்தவளிடம், புத்தகம் பழியைத் திருப்பிக் கொடுக்கிறது. அதனால்தான் அன்றைக்குக் கண்ணாடியை எடுக்கவில்லை.

இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது. காரைக்குடிக்கு வந்தால் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மருது விலாஸில் அறை கேளுங்கள். நல்ல அறை, தண்ணீர் வரும். பாண்டீஸ்வரி ஆதாரை வாங்கிப் பதிந்துகொண்டு சாவி கொடுப்பாள். மூன்று மணிக்குக் கீழே இறங்கி வந்தால் உங்களுக்கும் ஒரு டீ உண்டு. ரூல் புத்தகத்தோடு நானும் அங்கேதான் இருப்பேன். அப்போது, இங்கிலீஷ் வாசிக்கத் தெரியுமா என்று சாதாரணமாகத்தான் கேட்பாள். கேட்கும்போது உங்கள் சட்டைப் பையைப் பார்ப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஷாஜியா தட்டிக்கொண்டிருக்கும் கீபோர்டை நிறுத்தியிருப்பாள். கண்ணாடியோடு வருவதா, இல்லாமல் வருவதா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.